நடை வேகத்தில் ஒரு சிவப்புக் கார்

ஜபல்பூர்
6.3.1988

அன்புள்ள வெள்ளத்தாய்க்கு,

உன் கடிதம் கிடைத்தது. முத்துமாரிக்கு அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று என்று படித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. இங்கே நான் சுகம்.

ஒரு முக்கியமான விஷயம். மே மாதத்தோடு என் சர்வீஸ் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் நீட்டிப்பு வேண்டுமா, வேண்டாமா என்று ஏப்ரல் இருபதுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்று எழுதிவிட்டு வந்து ஊரில் என்ன செய்ய? பதினேழு வருஷம் மிலிட்டரி லாரி ஓட்டியவன். விவசாயம் எனக்கு மறந்தே போயிற்று. அதனால் ஒரு வழி யோசித்திருக்கிறேன். சிரிக்காமல் படி.

ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் ஒரு ராஜா வீட்டு ஷெட்டில் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது. வெளிநாட்டு வண்டி, இரண்டே கதவு, மேல்கூரையை மடக்கிவிடலாம். பெரியவருக்குக் கண் மங்கியதிலிருந்து நாலு வருஷமாக யாரும் எடுப்பதில்லை, விற்கிறார்களாம். நம் பக்கத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேண்டுமென்றால் மதுரையிலிருந்து வர வேண்டியிருக்கிறது. பின்சீட்டின் முதுகில் மாப்பிள்ளையை உட்கார வைத்தால் ஊரே பார்க்கும். முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் வாடகை. நானே டிரைவர்.

வண்டி நல்லதாக இருந்தால் வாங்கிவிட்டு வந்துவிடுகிறேன். ஓட்டை என்றால் நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போடுகிறேன். என் சேக்காளி மெக்கானிக் மதார் சாகிபைக் கூட்டிக்கொண்டு நீயே போய்ப் பார். பழைய ரேடியோ ஸ்பீக்கரில் காந்தம் இருக்கிறதே, அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கார் முழுக்க வைத்துப் பார். ஒட்டாத இடத்தில் தகரம் துருப்பிடித்துப் போய் மேலே மாவு பூசிப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். புகை நீலமாக வந்தால் ஆயில் குடிக்கிறது. வேகத்தில் உதறுகிறதா, பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா, எல்லாவற்றையும் பார்த்து எழுது.

இப்படிக்கு,
ஹவில்தார் வீ. கண்ணுச்சாமி

வன்னியம்பட்டி
18.3.1988

அன்பு மாமாவுக்கு,

நானும் முத்துமாரியும் எருமையும் சுகம். பெண்டாட்டிக்கு எழுதும் கடிதத்திலும் ஹவில்தார் என்று கையெழுத்துப் போடும் மனிதர் நீங்கள் ஒருவர்தான். நானும் பால்வாடி டீச்சர் வெள்ளத்தாய் என்று முத்திரை குத்தி அனுப்பட்டுமா?

சிரிக்காதே என்றீர்கள். சிரித்தேன். இருந்த ஒரே ரேடியோவைப் பிரித்துக் காந்தத்தை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போனேன். சிவப்புக் காரைச் சுற்றிச் சுற்றி நான் கைக்குட்டையால் ஒற்றி எடுப்பதைப் பார்த்துவிட்டு, தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் உக்கிரபாண்டி, "ஏம்மா, வண்டிக்குக் காய்ச்சலா?" என்று கேட்டார். பின்சக்கரத்துக்கு மேலே ஒரு சாண் இடத்தில் காந்தம் ஒட்டவில்லை. மற்ற இடமெல்லாம் நல்ல தகரம்.

இன்னொன்றை நானே கண்டுபிடித்தேன். ராஜா வீட்டில் ஒரு வெள்ளை நாய் இருக்கிறது. உடம்பு முழுக்கப் பால் வெள்ளை, முதுகில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. ராஜபாளையம் நாய்க்கு ஏது கறுப்பு என்று யோசித்தேன். சற்று நேரத்தில் அது போய்க் காருக்கு அடியில் படுத்தது. மதார் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கீழே ஊர்ந்து பார்த்துவிட்டு, "தங்கச்சி, கண்ணுச்சாமிக்குப் பதிலா ஒன்னைய மிலிட்டரியில எடுத்திருக்கணும். ஆயில் சட்டி பேக்கிங் போயிருக்கு" என்றார். அது சின்ன வேலையாம்.

பொறவு ஓட்டிப் பார்த்தோம். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து திரும்பினோம். மாமா, பொய் சொல்லவில்லை, என் தலைமுடி பூராவும் அவிழ்ந்து பறந்தது. பஸ்ஸையெல்லாம் பின்னால் விட்டோம். உதறவில்லை, புகை இல்லை, பிரேக் நேராகப் பிடித்தது. ஸ்பேர் பார்ட்ஸ்தான் கிடைக்காது. உடைந்தால் கோயம்புத்தூரில் லேத்தில் கடைந்து வாங்க வேண்டுமாம். "ஆனா என்ஜின் கல்லு கணக்கா இருக்கு" என்றார் மதார் அண்ணன்.

எனக்குப் பாதி மனசுதான். உக்கிரபாண்டி வண்டியைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

நேற்று முத்துமாரி கேட்டாள்: "அப்பா லீவுக்கு வருதாரா, வீட்டுக்கு வருதாரா?" என்ன சொல்லட்டும்?

உங்கள்
வெள்ளத்தாய்

ஜபல்பூர்
28.3.1988

அன்புள்ள வெள்ளத்தாய்க்கு,

நாய் முதுகு விஷயத்தை இங்கே எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். எங்கள் சுபேதார் விழுந்து விழுந்து சிரித்தார்.

நீ எழுதியதைப் பார்த்தால் வண்டி தேறிவிட்டது. ஒரு சாண் மாவுக்காக விட முடியாது. லேத் வேலை எனக்கே தெரியும். அட்வான்ஸ் கொடுத்துவிடு. கொடுத்தேன் என்று நீ எழுதியதும் நீட்டிப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன். முத்துமாரியிடம் வீட்டுக்கு வருகிறேன் என்றே சொல். கார் வந்தவுடன் மூன்று பேருமாகப் பிளவக்கல் அணைக்குப் போய்வருவோம்.

இப்படிக்கு,
ஹவில்தார் வீ. கண்ணுச்சாமி

வன்னியம்பட்டி
5.4.1988

அன்பு மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வண்டி நன்றாக இருக்கிறது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். வாருங்கள்.

வெள்ளத்தாய்

வன்னியம்பட்டி
11.4.1988

அன்பு மாமாவுக்கு,

இதைப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள், ஆனால் கடைசி வரி வரை படியுங்கள். போன கடிதத்தில் நான் எழுதியது பொய். அட்வான்ஸ் கொடுக்கவில்லை.

மூன்றாம் தேதி ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு பார்த்தேன். நாதஸ்வரக்காரர் இரண்டு எட்டு வைக்கிறார், நின்று வாசிக்கிறார். முக்குக்கு முக்கு வெடி. மதுரைக் கார் பின்னால் நகர்ந்து நகர்ந்து வந்தது. நாலு தெரு சுற்ற ஒன்றரை மணி நேரம். அப்போதுதான் உறைத்தது. நாம் வாங்கப் போவது ஊர்வலத்துக்குக் கார். நான் ஓட விட்டுப் பார்த்தேன், நீங்களும் வேகத்தில் உதறுகிறதா பார் என்றீர்கள், மதார் அண்ணனும் சரி என்றார். மூன்று பேரில் ஒருவருக்காவது நடக்க விட்டுப் பார்ப்போம் என்று தோன்றியதா?

மறுநாளே போனேன். ராஜா வீட்டு மாந்தோப்புப் பாதையில் மதார் அண்ணனை ஓட்டச் சொல்லிவிட்டு, "மேளம் நாந்தாண்ணே, எம் பின்னால வாங்க" என்று முன்னால் நடந்தேன். இரண்டு எட்டு வைப்பேன், நிற்பேன். தோப்பில் வேலை செய்த பெண்கள் களையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பதிமூன்றாவது நிமிஷம் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போனது. முன்பக்கத்திலிருந்து புஸ்ஸென்று ஆவி. உக்கிரபாண்டி தலையைச் சொறிந்துகொண்டு, "ஐயா அவிய என்னைக்கும் இதை மெதுவா ஓட்டுனதே இல்லம்மா" என்றார். மதார் அண்ணன் சொன்னார்: "ஓடுறப்ப எதிர்க்காத்து ரேடியேட்டரைக் குளுத்திருது. நின்னு நின்னு போனா காத்துக்கு எங்கே போக? மாப்பிள்ளைய எறக்கித் தள்ளச் சொல்ல வேண்டியதுதான்."

வீட்டுக்கு வந்தேன். இதை எழுதினால் நீங்கள் நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போடுவீர்கள். இன்னும் இரண்டு வருஷம். எழுதாவிட்டால் வருவீர்கள். அதனால் எழுதவில்லை. அந்த மூன்று வரியைத் தபாலில் போட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. ஊரார் முன்னால் நடு ரோட்டில் ஆவி வரும்போது நீங்கள் என் முகத்தைப் பார்ப்பீர்களே, அதை நினைத்தால் தாங்கவில்லை.

வண்டி இப்போது இருக்கிற நிலையில் வாங்கக் கூடாது. இது மெக்கானிக் சொன்னதும் நான் பார்த்ததும். ஆனால் நீங்கள் வர வேண்டும். இது நான் சொல்வது. இருபதாம் தேதிக்குள் இது கிடைக்க வேண்டுமே என்று கருப்பசாமிக்கு வேண்டிக்கொண்டு அனுப்புகிறேன்.

உங்கள்
வெள்ளத்தாய்

வன்னியம்பட்டி
9.5.1988

மாமாவுக்கு,

நாலு வாரமாகப் பதில் இல்லை. தபால்காரர் சோலைச்சாமி என்னைப் பார்த்ததும் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார். கோபமென்றால் திட்டியாவது எழுதுங்கள். கையெழுத்துப் போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள், தெரிந்துகொள்கிறேன்.

மதார் அண்ணன் சும்மா இருக்கவில்லை. ராஜா வீட்டில் கேட்டு ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார். உள்ளிருந்து செம்மண் கணக்காகத் துரு கொட்டியது. போன வெள்ளிக்கிழமை மறுபடியும் முன்னால் நடந்தேன். இருபத்தெட்டு நிமிஷம் தாங்கியது. இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி இருக்கிறது. ஜூன் கடைசி வரை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று ராஜா வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

வெள்ளத்தாய்

ஜபல்பூர்
23.5.1988

என் அன்பு வெள்ளத்தாய்க்கு,

உன் நீளக் கடிதம் ஏப்ரல் பதினெட்டாம் தேதி கிடைத்தது. மறுநாள் காலையிலேயே எங்களை ஒரு மாதப் பயிற்சிக்குக் காட்டுக்குள் அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து தபால் போகாது. நேற்றுத்தான் திரும்பினோம். உன் ஒன்பதாம் தேதிக் கடிதமும் இங்கே காத்துக்கொண்டிருந்தது. உன்னை ஒரு மாதம் தவிக்க விட்டதற்கு என்னை மன்னித்துவிடு.

உன் மூன்று வரிக் கடிதம் வந்த அன்றே எனக்குச் சந்தேகம். எருமையைப் பற்றிக்கூட எழுதாமல் மூன்று வரியில் நிறுத்துகிறவளா நீ? ஏதோ மறைக்கிறாய் என்று தெரிந்தது. நானும் தெரியாத மாதிரி இருந்தேன். எனக்கும் வர ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

உண்மையைச் சொல்கிறேன். பதினேழு வருஷமாக ஊரில் நான் லீவில் வந்த ஆள். ரம் பாட்டிலும் டிரங்குப் பெட்டியுமாக வந்தால் மரியாதை. அதெல்லாம் இல்லாமல், ஒரு வேலையும் இல்லாமல், உன் சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிட வெட்கம். பயமும்தான். அதற்குத்தான் அந்தச் சிவப்புக் காரைப் பிடித்துத் தொங்கினேன். வண்டி சரியில்லை என்றால் வரமாட்டேன் என்று எழுதியது என் முட்டாள்தனம். அதனால்தானே நீ பொய் எழுத வேண்டி வந்தது?

பத்தொன்பதாம் தேதி கிளம்புவதற்கு முன்தான் கிளார்க் பேப்பரை நீட்டினார். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. வண்டி கொதிக்கிறது என்று தெரிந்தேதான் 'நீட்டிப்பு வேண்டாம்' என்று எழுதினேன்.

இனி கார் விஷயம். பயிற்சியில் லாரிகளை வரிசையாக, நடக்கிற வேகத்தில், நாள் முழுக்க ஓட்டினோம். ஒன்றும் கொதிக்கவில்லை. ஏன் என்று பானெட்டைத் திறந்து பார்த்தேன். விசிறியைச் சுற்றி வளையமாக ஒரு தகரக் கூண்டு இருக்கிறது. காற்றைச் சிந்தவிடாமல் ரேடியேட்டர் வழியாக இழுக்கிறது. ராஜா வீட்டுக் காரில் அது இருக்கிறதா என்று மதாரைப் பார்க்கச் சொல். இல்லாவிட்டால் தகரத்தில் ஒன்று செய்து மாட்டலாம். கூடவே பேட்டரியில் ஓடும் விசிறி ஒன்றும் வைக்கலாம். அப்புறமும் கொதித்தால் வேண்டாம், விட்டுவிடுவோம். மில் லாரி ஓட்டினால் போயிற்று. மதாரிடம் சொல்லி, வண்டி கொதிக்கிற விஷயத்தை ராஜா வீட்டுப் பெரியவரிடமே நேராகச் சொல்லச் சொல். விலையைக் குறைத்தால் குறைக்கட்டும்.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு வன்னியம்பட்டியிலிருந்து ரத வீதி வரை ஓட்டிப் பார்ப்போம். நான் ஓட்டுகிறேன். நீ முன்னால் நட. இரண்டு எட்டு வை, நில். உன் பின்னால் எம்புட்டு மெதுவாகவும் வருகிறேன்.

முப்பத்தொன்றாம் தேதி இங்கே பெட்டி கட்டுகிறேன். ஜூன் நாலாம் தேதி ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் இறங்குவேன். முத்துமாரியிடம் லீவு இல்லை என்று சொல்.

இதற்குப் பதில் எழுதாதே. எழுதினால் இங்கே வாங்க ஆள் இருக்காது.

உன்
வன்னியம்பட்டி கண்ணுச்சாமி