சும்மா இருந்த மூணு வருஷம்

வணக்கங்க. நான் சுகம். நீங்களும் பாப்பாவும் சுகமா?

இங்க ஒரு கடையில சூப்பர்வைசர் வேலைக்கு நேத்து இன்டர்வியூ. வேலைக்குப் போகாத அந்த மூணு வருஷமும் கம்ப்யூட்டர் படிச்சேன்னு, நீங்க சொல்லிக்கொடுத்த பொய்யைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கத்தான் போனேன். அதுக்குள்ள மேனேஜர், "வீட்ல சும்மாதான் இருந்தீங்களா?"ன்னார். அப்படியே உங்க குரல். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"படுத்த படுக்கையா கிடக்கற மாமனாரைத் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டேன் சார். அது சும்மாவான்னு ஒருநாள் செஞ்சு பாருங்க"ன்னேன்.

அவர் மூஞ்சி சுருங்கிப்போச்சு. பக்கத்துல உட்கார்ந்திருந்த முதலாளியம்மாதான், "திங்கட்கிழமை சேர்ந்துக்குங்க"ன்னாங்க.

பாப்பா பேசறதைப் பதிவு பண்ணி அனுப்புங்க. வேலை தேடித் தனியா வந்த ஊர்ல எனக்குச் சுவர்தான் பேச்சுத்துணை.

பஸ் வந்துடுச்சு, முடிச்சுக்கறேன். மாமாவைத் தூக்கித் தூக்கி இடுப்பே போச்சுன்னு எழுதியிருந்தீங்களே, படிச்சு ரொம்ப சந்தோஷப்பட்டேன்.