பழைய ஊசிக்குப் புது ஊசி

முதலிபாளையம்
20.1.2007

அன்புள்ள மாமாவுக்கு,

அனுசுயா எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள், அதனால் எழுதவில்லை. பொங்கலுக்காவது வருவீர்கள் என்று இரண்டு பேருக்கு உலை வைத்தேன். மறுநாளும் அதையே சூடுபண்ணிச் சாப்பிட்டேன். செல்போனையும் விற்றுவிட்டீர்கள். அதனால் இதை ஆற்றுப்பாலத்து அறையில் ஊசி கொடுக்கிற தனபாலிடம் கொடுத்துவிடுகிறேன். அங்கே புது ஊசி வாங்கத் தவறாமல் போகிறீர்களாமே. கட்டியவள் இருக்கிற வீட்டுக்கு வர மட்டும்தான் வழி மறந்துபோயிற்று.

அந்த அறையை மூடச் சொல்லி எங்கள் கம்பெனி வாசலில் கையெழுத்து வாங்கினார்கள். ஊரே பேச்சைக் கேட்கிற எங்கள் முதலாளி பொங்கியண்ணன்தான் முதலில் போட்டார். "போதைக்காரனுக்கு நாமளே ஊசி எடுத்துக் குடுக்கறதாங்க? நாளைக்கு எம் பேரனும் கைய நீட்டுவான்" என்றார். எனக்கு நியாயமாகப் பட்டது. நானும் போட்டேன். டபுள் ஷிப்ட் பார்த்த இடுப்பு வலிக்கு என்று ஆரம்பித்த ஊசி, இன்று உங்களையே கொண்டுபோய்விட்டது. அதை நிறுத்த வழி பார்க்காமல் புதிதாக எடுத்துக் கொடுப்பது என்ன வைத்தியம்?

கம்பெனியில் நான் ஊசி எடுத்துக் கொடுக்கிற கவுண்டரின் சட்டம் உங்களுக்குத் தெரியும். தையல் மெஷினில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் என் கைக்கு வர வேண்டும். லைனே நின்றாலும் சரி, காந்தத்தை வைத்துத் தரையைத் துழாவுவோம். முனை கிடைக்காமல் புது ஊசி கிடையாது. உங்களுக்கும் அதேதான். அந்தப் பழக்கத்தைத் தொலைத்துவிட்டு வாருங்கள். அதுவரை வீட்டுப் பக்கம் வர வேண்டாம்.

கோபத்தோடு,
அனுசுயா


திருப்பூர்
28.1.2007

அன்பு அனுவுக்கு,

உன் கோபம் கிடைத்தது. தனபால் சிரித்துக்கொண்டே கொடுத்தான்.

நான் இப்போது வேஸ்ட் குடோனில் படுக்கிறேன். கட்டிங்கில் கழித்த பனியன் துணிகளைப் பொதி பொதியாக அடுக்கியிருக்கிறார்கள். காலையில் கூரை ஓட்டை வழியாக வெயில் இறங்கும்போது பஞ்சுத் தூசி அதில் மிதக்கும். அது கீழே வருகிறதா, நான் மேலே போகிறேனா என்று சில நேரம் தெரியாது. ஆறு நேற்று ஊதாவாகப் போயிற்று, இன்று ஆரஞ்சு. எந்த நாட்டுப் பிள்ளையோ போடப்போகிற சட்டையின் நிறம். பார்த்துக்கொண்டே இருந்தால் பொழுது போவது தெரியவில்லை.

விட்டுவிடு என்கிறாய். இரண்டு தடவை விட்டுப் பார்த்தேன், நீதான் பக்கத்தில் இருந்து பார்த்தாயே. முன்பெல்லாம் நானும் மொக்கைச்சாமியும் ஒரே ஊசியைத் தண்ணீரில் அலசி மாற்றி மாற்றிப் போடுவோம். அவன் ரத்தத்தில் இப்போது எச்.ஐ.வி. இருக்கிறது. எனக்குப் போன மாதம் பார்த்தார்கள், இல்லை. அன்று தப்பியது என் அதிர்ஷ்டம். இன்றுவரை தப்பித்திருப்பது அந்த அறையால். பழசைக் கொண்டுபோனால் தனபால் டப்பாவில் வாங்கிக்கொள்வான். மறந்து போனாலும் புதுசு தருவான், டீயும் தருவான். "விடறது உங்களுக்கு எப்ப முடியுதோ அப்ப விடுங்கண்ணா. அதுவரைக்கும் உசுரோட இருங்க" என்பான். இதுவரை என்னிடம் அப்படி யாரும் சொன்னதில்லை.

உன்
ஜெயபாண்டி


முதலிபாளையம்
18.2.2007

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு ஷிப்டில் கை ஓடவில்லை. பயந்துபோய் நேராகத் தனபாலிடம் போனேன். "வாங்கக்கா" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். கெட்ட இடம் என்று நினைத்திருந்தேன். எங்கள் கம்பெனி கேன்டீனைவிடச் சுத்தமாக இருந்தது.

பிறகு பொங்கியண்ணனிடம் பேசினேன். என் கவுண்டர் சட்டத்தையே அங்கேயும் வைத்துவிடலாம், பழசைக் கொடுத்தால்தான் புதுசு, ஆற்றோரம் ஊசி கிடக்காது, பிள்ளைகள் காலில் குத்தாது என்றேன். அவருக்குப் பிடித்துவிட்டது. மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தனபால்தான் "இல்லீங்கக்கா, அது இங்க சரிப்படாதுங்க" என்று இழுத்தான். கம்பெனியில் இத்தனை பேருக்குச் சரிப்படுவது உங்களுக்குச் சரிப்படாதா என்று அவன் வாயை அடைத்துவிட்டேன். ஆக, மூட இருந்த அறையை நான்தான் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறேன். பழசை மறக்காமல் கொண்டுபோங்கள்.

நேற்றுக் கனவில் நீங்கள் துணிப்பொதி மேல் படுத்தபடி ஆற்றில் போய்க்கொண்டிருந்தீர்கள். தண்ணீர் மஞ்சளாக இருந்தது. நான் பாலத்தில் நின்று சாப்பிடக் கூப்பிட்டேன்.

அனுசுயா


திருப்பூர்
25.3.2007

அன்பு அனுவுக்கு,

உனக்கு எழுதாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். வேறு யார் சொல்லியாவது நீ கேட்பதற்கு நானே சொல்வது மேல்.

அறைக்குப் போகிற வழியில் பஸ் ஸ்டாண்டில் போலீஸ் பையைச் சோதிக்கிறது. பழைய ஊசி இருந்தால் அதுவே போதும், ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் நாங்கள் யாரும் கையில் வைத்துக்கொள்வதில்லை. நானும் ஆற்றில் போட்டுவிட்டு வெறுங்கையோடுதான் போனேன். "புது ரூலுங்கண்ணா. மீறுனா மூடிருவாங்க" என்று தனபால் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். மொக்கைச்சாமி மட்டும் அவன் போட்ட ஊசி ஒன்றை ஒளித்து வைத்திருந்தான். வேண்டாம் என்று அவன் சொல்லத்தான் செய்தான். உடம்பு முறுக்குகிற நேரத்தில் காதில் எதுவும் ஏறாது அனு. அதற்குப் பிறகும் சில தடவை அப்படியே ஆயிற்று.

உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. உடனே பார்த்தால் ரத்தத்தில் தெரியாதாம், மூன்று மாதம் போக வேண்டுமாம். அதுவரை என்னைத் தேடாதே.

ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கனவில் நான் திரும்பிப் பார்த்தேனா?

ஜெயபாண்டி


முதலிபாளையம்
8.4.2007

அன்புள்ள மாமாவுக்கு,

பார்த்தீர்கள். கையைக்கூட ஆட்டினீர்கள். அதை எழுத விட்டுப்போயிற்று.

படித்ததும் அழுதேன். அழுது முடித்துப் பொங்கியண்ணன் ரூமுக்குப் போனேன். "ஏம்மிணி, நீதான அந்த ரூலச் சொன்ன?" என்றார். ஆமாம், நான்தான் சொன்னேன், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். கம்பெனியில் உடைந்த முனையை எதற்குத் தேடுகிறோம்? ஊசிக் கணக்குக்காகவா? அந்தச் சட்டையைப் போடப்போகிற பிள்ளையின் உடம்பில் குத்திவிடக் கூடாது என்றுதானே? பாலத்து அறையில் அந்தப் பிள்ளையின் இடத்தில் இருப்பது என் வீட்டுக்காரர். அவரை விட்டுவிட்டு ஊசியைக் காப்பாற்றியிருக்கிறோம் என்றேன். குரல் கொஞ்சம் கூடிவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செரி, அந்த ரூல் வேண்டா. ஆனா கரையில ஊசி கெடந்தா ஊரு எங்கிட்டத்தான் வரும், பாத்துக்க" என்றார்.

பார்த்துக்கொள்கிறேன். ஷிப்ட் விட்டதும் ஒரு டப்பாவும் இடுக்கியும் எடுத்துக்கொண்டு ஆற்றோரம் நடக்கிறேன். நீங்கள் எல்லாரும் போட்டுவிட்டுப் போவதை நானே பொறுக்கித் தனபாலிடம் கொடுக்கிறேன். தண்ணீர் நிறம் மாறுவதை நானும் இப்போது பார்க்கிறேன். நீங்கள் சொன்னது சரிதான், பொழுது போவது தெரியவில்லை.

பழக்கத்தைத் தொலைத்துவிட்டு வாருங்கள் என்று எழுதியிருந்தேன். அதுவும் என் கவுண்டர் சட்டம்தான். அதையும் எடுத்துவிட்டேன். வெறுங்கையோடு வாருங்கள் மாமா.

உங்கள்
அனு


திருப்பூர்
29.6.2007

அன்பு அனுவுக்கு,

ரிசல்ட் வந்துவிட்டது. இருக்கிறதாம்.

உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்ததும் அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரை தருவார்களாம். தினமும் நேரம் தவறாமல் போட வேண்டும், ஞாபகப்படுத்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். உன் பெயரைச் சொன்னேன்.

வெறுங்கையோடு வரச் சொன்னாய். அப்படி வர முடியாமல் போயிற்று. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். இரண்டு பேருக்கு உலை வை.

உன்
ஜெயபாண்டி