காலிக் குப்பிகள்

கெடார்
6-7-2025

அன்புள்ள பரங்கிக்காய்க்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, இரண்டு மாடு எல்லோரும் சுகம். மோட்டாருக்குத்தான் அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போகிறது. விடுதியில் போன் கூடாது என்று உன் வார்டன் சொல்லிவிட்டதால், பத்தாம் வகுப்புக்குப் பிறகு இப்போதுதான் பேனா பிடிக்கிறேன். பிழை இருந்தால் நீ மட்டும் சிரித்துக்கொள்.

நம் தெரு செல்வகுமாருக்குத் திண்டிவனத்தில் அரிசி ஆலை வேலை கிடைத்திருக்கிறது. திங்கள் போய்ச் சனிக்கிழமை வருவான். இனி நமக்குத் தபால்காரன் அவன்தான். ஈரத்துணி சுற்றிய டப்பாவில் உன் இன்சுலின் குப்பிகள் இருக்கின்றன. வாங்கியதும் வார்டன் அறை ஃபிரிட்ஜில் வை. தீர்ந்த குப்பிகளைத் தூக்கிப் போட்டுவிடாதே. காலியைக் கொடுத்தால்தான் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் புதியது தருகிறார்கள். ஒன்பது வருடமாக உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

தூக்குவாளியில் நாற்பது மல்லாட்டை உருண்டை, எல்லாம் நம் காட்டு வேர்க்கடலை. உன் அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மயக்கம் வர்றா மாதிரி இருந்தா ரெண்டு துன்னச் சொல்லு. வராட்டியும் ரெண்டு துன்னச் சொல்லு."

உன் அப்பா,
வேங்கடேசன்


திண்டிவனம்
19-7-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லாம் பத்திரமாக வந்தன. உங்கள் கடிதத்தில் பதினோரு பிழை. யாரிடமும் காட்டவில்லை.

ஆனால் அப்பா, உறையின் மேலும் 'பரங்கிக்காய்' என்றே எழுதியிருந்தீர்கள். வாட்ச்மேன் அதைக் கேட்டில் நின்று சத்தமாகப் படித்தார். இப்போது விடுதியில் எனக்கு அதுதான் பெயர். சின்ன வயதில் நீங்கள் அப்படிக் கூப்பிட்டால் சிரிப்பு வரும். இப்போது வரவில்லை.

இன்னொரு செய்தி. என்னைக் கபடி அணியில் எடுத்திருக்கிறார்கள்! பி.டி. மிஸ் சொன்னார், "நீ காலப் புடிச்சா எவளும் அசைய முடியலம்மா. எடது கார்னர் உனக்குத்தான். எடைய மட்டும் கொற." எங்கள் பிரிவில் ஐம்பத்தைந்து கிலோவைத் தாண்டினால் ஆட விடமாட்டார்கள். நான் ஐம்பத்தொன்பதரை. செப்டம்பர் பதினொன்று இங்கேயே போட்டி. அன்று காலை எல்லார் முன்னிலையிலும் எடை பார்ப்பார்கள்.

அதனால் இனி உருண்டை வேண்டாம். மற்ற பெண்கள் இரவுச் சோற்றை விட்டுவிட்டு எடையைக் குறைக்கிறார்கள். எனக்கு அதுவும் முடியாது. ஊசி போட்டால் சாப்பிட்டாக வேண்டும், சாப்பிட்டால் எடை ஏறும். ஊசியின் அளவை டாக்டரிடம் கேட்டுக் குறைக்க முடியுமா? என்னைக் கூட்டிக்கொண்டு போவீர்களா? எப்படியும் நான் ஆடியே தீருவேன்.

உங்கள் மகள்,
கலைமதி


கெடார்
27-7-2025

அன்புள்ள மகளுக்கு,

பார், பெயரை மாற்றிவிட்டேன். அந்த வாட்ச்மேனை ஒருநாள் கவனித்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு பெயருக்கு இவ்வளவு ரோஷமா? என் அப்பா என்னை எருமை என்றுதான் கூப்பிட்டார், நான் என்ன கொம்பு முளைத்தா திரிகிறேன்?

கபடி சங்கதியைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். உருண்டையை நிறுத்தும் சங்கதியை மட்டும் உன் அம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பத்து வயதில் நீ சர்க்கரை இறங்கி வரப்பில் சுருண்டு விழுந்தாயே, அன்றிலிருந்து உன் வாய் சும்மா இருந்தாலே அவளுக்குப் பயம். அதனால் இந்த வாரமும் உருண்டை வருகிறது, கூடவே கேப்பை அடையும் வருகிறது. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் கண்ணு. முதலில் சாப்பிடு.

டாக்டரிடம் போகலாம். இப்போது மல்லாட்டை பிடுங்க ஆள் கிடைக்காமல் பேஜாராக இருக்கிறது. காட்டு வேலை முடியட்டும், ஆவணி பிறந்ததும் கட்டாயம் கூட்டிப் போகிறேன்.

அப்பா


திண்டிவனம்
16-8-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். நான் ஐம்பத்தாறு கிலோ! மூன்றே வாரத்தில் மூன்றரை கிலோ போய்விட்டது. சோற்றைக்கூடக் குறைக்கவில்லை. பி.டி. மிஸ் எல்லார் முன்னாலும், "இவளப் பாத்துக் கத்துக்கங்கடி" என்றார். சீருடைப் பாவாடைக்கு ஊக்கு குத்திக்கொள்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் அசதிதான். ஓடும்போது கெண்டைக்கால் இழுக்கிறது. வெயில் அதிகம் என்பதால் ஒரு நாளைக்கு ஏழு பாட்டில் தண்ணீர் குடிக்கிறேன். வகுப்பில் அடிக்கடி வெளியே போவதால் கணக்கு மாஸ்டர் திட்டுகிறார்.

டாக்டரிடம் போக வேண்டாம் அப்பா. அவசரமில்லை, காட்டு வேலையைப் பாருங்கள். காலிக் குப்பி இரண்டையும் செல்வகுமார் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். இன்னும் ஒரு கிலோதான்.

உங்கள்,
கலைமதி


கெடார்
24-8-2025

கலைமதிக்கு,

ஆஸ்பத்திரியில் நான்கு நாள் உன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தும் நான் வாய் திறக்கவில்லை. பேசினால் உன்னை அடித்திருப்பேன், இல்லை அழுதிருப்பேன். இரண்டும் வார்டில் நன்றாக இருக்காது. விடுதியில் உன்னை விட்டுவிட்டு வந்த பிறகு எழுதுகிறேன்.

செல்வகுமார் அன்றைக்குக் கடிதத்தையும் குப்பிகளையும் கொடுத்தபோது மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். ஐம்பத்தாறு கிலோ என்று படித்ததும் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு ஏழு பாட்டில் தண்ணீர் என்று படித்தேன். குப்பியை எடுத்து ரப்பர் மூடியை வெளிச்சத்தில் பார்த்தேன்.

உனக்கு ஏழு வயதிலிருந்து பதினான்கு வயது வரை காலையும் மாலையும் ஊசி போட்டவன் நான். ஒரு குப்பி தீரும்போது மூடியில் பதினாறு, பதினேழு துளை இருக்கும், ஒவ்வொன்றும் முடி அளவு. இதில் சின்னத் துளை நான்குதான். நடுவில் கோணி ஊசி இறங்கியது போல ஒரு பெரிய ஓட்டை. இன்னொரு குப்பியிலும் அப்படியே. மருந்து உன் உடம்பில் போகவில்லை, ஏதோ பெரிய ஊசியை விட்டு உறிஞ்சி எடுத்துக் கொட்டியிருக்கிறாய் என்று புரிந்துவிட்டது. உடனே வார்டனுக்குப் போன் போட்டேன். சர்க்கரை பார்த்தால் அளவைத் தாண்டிப் போய் மீட்டரில் எண்ணே வரவில்லையாம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் நினைவு தப்பியிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

ஏழு வயதிலும் நீ இப்படித்தான் மெலிந்தாய். பார்த்தவர்கள் எல்லாம், "பொண்ணு ஒசரமாவுது, அதான் எளைக்கிது" என்றார்கள். நானும் அதை நம்பிக்கினு இருந்த மடையன். குளியலறையில் நீ ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்ததைப் பார்த்தும் புரியவில்லை. மூச்சு வாங்கி நீ விழுந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதே இளைப்பை நீ கேட்டு வாங்கிக்கொண்டாயே.

உன்மேல் கோபம் இருக்கிறது. பாதியை என்மேல் திருப்பிக்கொண்டேன். அளவைக் குறைக்க டாக்டரிடம் கூட்டிப் போகச் சொல்லி நீ முறையாகக் கேட்டாய். நான் மல்லாட்டையைக் காரணம் சொன்னேன். உறையில் அந்தப் பெயரை எழுதியதும் நான்தான். உன் அம்மாவும் நானும் மயக்கத்துக்குப் பயந்து பயந்து ஊட்டியதுதான் இந்த எடை என்று டாக்டர் என் முகத்துக்கு நேரே சொன்னார். வாங்கிக்கொண்டேன்.

இனி வார்டன் பக்கத்தில் நின்று ஊசி போடச் சொல்லட்டுமா என்று டாக்டர் கேட்டார். என் பெண்ணைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். நீயே சொல். ஆனால் இன்னொரு முறை மருந்தைக் கொட்டினாய் என்றால் படிப்பும் வேண்டாம், கபடியும் வேண்டாம், பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடு. எனக்கு நீ எந்த எடையில் இருந்தாலும் சரி, இருக்க வேண்டும்.

அப்பா


திண்டிவனம்
13-9-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

போட்டிக்கு வர வேண்டாம் என்று நான் சொல்லி அனுப்பியதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நடக்கப்போவது எனக்குத் தெரியும். அதை நான் தனியாகப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

முதலில் கேட்டதற்குப் பதில். நீங்கள் சொல்வதற்கு முன்பே வார்டனிடம் நானே போனேன். "நான் ஊசி போடும்போது பக்கத்துல இருங்க மேடம்" என்றேன். அந்தப் பெரிய ஊசி உயிரியல் ஆய்வகத்தில் எடுத்தது. அதையும் உயிரியல் மிஸ்ஸிடம் திருப்பிக் கொடுத்து உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டு வாங்கினேன்.

டாக்டர் எழுதிக் கொடுத்தபடிதான் இப்போது ஊசி. பயிற்சி இருக்கும் நாளுக்கு ஓர் அளவு, இல்லாத நாளுக்கு ஓர் அளவு. படபடப்பு வந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரை, கால் மணி நேரம் கழித்துச் சோதனை. அவ்வளவுதான் அப்பா. அதற்கு இத்தனை வருடம் வாளி வாளியாக உருண்டை தின்றிருக்கிறேன்.

டிரிப் ஏற்றியதுமே எடை திரும்பி வந்துவிட்டது. குறைந்தது கொழுப்பில்லை, தண்ணீரும் சதையும்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு பதினைந்து நாள் ஒழுங்காகச் சாப்பிட்டு, ஒழுங்காக ஓடினேன். வியாழக்கிழமை காலை வரிசையில் நின்றேன். "தெரிஞ்சிக்கினே ஏன்டி ஏறுற?" என்று பி.டி. மிஸ் கேட்டார். ஏறினேன். ஐம்பத்தேழு புள்ளி நான்கு. எழுதுகிறவர் சத்தமாகப் படித்தார். யாரோ சிரித்தார்கள். நான் இறங்கி, செருப்பைப் போட்டுக்கொண்டு, மைதான ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். எங்கள் அணி இரண்டு புள்ளியில் தோற்றது. இடது கார்னரில்தான் புள்ளிகள் போயின. அழுதேன் அப்பா, பொய் சொல்லவில்லை.

அடுத்த வருடம் பெரிய பிரிவு. அதில் அறுபத்தைந்து வரை ஆடலாம். மிஸ் வெள்ளிக்கிழமையே மறுபடி பயிற்சிக்குக் கூப்பிட்டார். போனேன். இன்றும் போகிறேன்.

இத்துடன் இரண்டு குப்பிகள். இடையில் வார்டன் நான்கு நாள் ஊருக்குப் போயிருந்தார். அந்த நான்கு நாளும் போட்டேன். மூடியை வெளிச்சத்தில் பிடித்து எண்ணிப் பாருங்கள். நீங்கள் எண்ணுவதில் எனக்கு வருத்தமில்லை.

உங்கள் மகள்,
கலைமதி


கெடார்
21-9-2025

அன்புள்ள வே. கலைமதிக்கு,

உறையிலும் இப்படித்தான் எழுதியிருக்கிறேன், வகுப்பும் போட்டு. வாட்ச்மேன் இதைச் சத்தமாகப் படிக்கட்டும்.

ஐம்பத்தேழு புள்ளி நான்கு என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அடுப்படிக்குப் போய், ஒரே ஒரு உருண்டையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். "மயக்கத்துக்கு இல்லன்னு சொல்லு. அவளுக்குப் புடிக்கும்னு குடுத்தேன்னு சொல்லு." டாக்டர் கணக்கில் அதையும் சேர்த்துக்கொண்டு சாப்பிடு.

அடுத்த வருடப் போட்டிக்கு நீ வேண்டாம் என்றாலும் வருவேன். மல்லாட்டை காட்டிலேயே கிடக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை விழுப்புரம் போய்ப் புது மருந்து வாங்கி வந்தேன். நீ அனுப்பிய குப்பிகளைப் பையிலிருந்து எடுத்து அப்படியே கவுன்டரில் கொடுத்துவிட்டேன். எண்ணவில்லை.

அப்பா