மாறாத எண்

ஜூன் 9, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. சிப்பிகாட் ரோட்டில் முழங்கால் தண்ணீர். பஸ்ஸில் நின்றபடியே ஆபீஸ்.

இன்று ஆரம்பித்த வேலை: ஃப்ளோ லேபிள் விதிகள். இணையத்தில் போகும் ஒவ்வொரு தகவல் பாக்கெட்டின் தலைப்பிலும் ஒரு எண்ணுக்கு இடம் உண்டு. ஒரே உரையாடலின் பாக்கெட்டுகளுக்கு ஒரே எண். வழியிலுள்ள ரூட்டர் உள்ளே பிரித்துப் பார்க்காமலே சேர்த்து அனுப்பிவிடும். பாராடாங் தீவு ஃபெர்ரியில் ஒரே கல்யாண வீட்டு வண்டிகளைச் சேர்த்து ஏற்றுவது மாதிரி. வீடுகளுக்கு நாங்கள் கொடுக்கும் மோடம்தான் எண்ணைப் போடும். எப்படிப் போட வேண்டும் என்பது என் பொறுப்பு.

1. ஒவ்வொரு உரையாடலுக்கும் புது எண்.
2. யாரும் ஊகிக்க முடியாத எண்.
3. பேச்சு முடிந்ததும் மோடம் அதை மறந்துவிட வேண்டும்.

மூன்றாவது எனக்கே பிடித்திருந்தது.

வாங்க: பூண்டு, கொசுவர்த்தி. மெயின்லேண்ட் கப்பல் லேட். வெங்காயம் எங்கும் இல்லை.

ஜூன் 10, செவ்வாய்
மேனேஜர் மண்டல் சார் மூன்று விதிகளையும் சிவப்பு பேனாவால் அடித்துவிட்டார். "ஏக் கர், ஏக் நம்பர், மேடம்." ஒரு வீட்டுக்கு ஒரே எண், என்றைக்கும் மாறக் கூடாதாம். ரிப்பேர் பார்க்க ஈஸியாம்.

வீட்டின் இணைய முகவரியையே தினமும் மாற்றுகிறோம், யாரும் பின்தொடரக் கூடாது என்று. இந்த எண் மாறாவிட்டால் வழியில் நிற்கிற எவனுக்கும் எந்த வீடு என்று தெரிந்துபோகும். சொன்னேன். க்ளையண்ட் கேட்கிறார் என்றார். எந்த க்ளையண்ட்? ஏசியை நிமிர்ந்து பார்த்தார்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "உனக்கெதுக்கு வம்பு? காண்ட்ராக்ட் ரினியூ ஆகுற நேரத்துல."

ஜூன் 12, வியாழன்
மண்டல் சார் சொன்னபடியே எழுதிக் கொடுத்துவிட்டேன். நாற்பது வரிதான். மத்தியானத்துக்குள் எங்கள் ஊர் மோடம் அத்தனையிலும் ஏறிவிட்டது. எந்த எண் எந்த வீடு என்ற பட்டியல் என் மெஷினில்.

மெயின்லேண்டிலிருந்து இரண்டு பேர். பெயர் சொல்லவில்லை. வெளியே அந்த மழை, அவர்கள் ஷூவில் ஒரு பொட்டு சேறு இல்லை. ஒருவர் என் பக்கம் குனிந்து தமிழில்: "பரமக்குடில அம்மா சௌக்கியமா இருக்காங்களாம்மா?"

என் ஊர் பரமக்குடி என்று ஆபீஸில் யாருக்கும் தெரியாது.



ஜூன் 16, திங்கள்
மழை விட்டு புழுக்கம். பரமக்குடிக்குப் போன் செய்தேன். அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள். யாரும் வரவில்லையாம்.

பதினொரு மணிக்கு அந்தத் தமிழ் ஆள் மேசையில் ஒரு துண்டுச் சீட்டு வைத்தார். ஒரு எண். "இது எந்த வீடும்மா?"

பட்டியலில் பார்த்தேன். எங்கள் தெரு. சாந்தி.

நாலு வீடு தள்ளி இருக்கிறாள். அவள் அப்பா அம்மா சிலோன் எஸ்டேட்டிலிருந்து வந்து கச்சால் தீவில் ரப்பர் வெட்டியவர்கள். இங்கே கல்யாணம் கட்டிக்கொண்டு வந்து, இப்போது தனி ஆளாக மாடு வைத்திருக்கிறாள். பாக்குத் தோப்புகளில் நிலம் எடுக்க யாரோ சர்வே குச்சி நட்டிருக்கும் படங்கள் சனிக்கிழமை நெட்டில் பெயரில்லாமல் வந்தன. நானும் பார்த்து லைக் போட்டேன். யார் போட்டது என்று இப்போதுதான் தெரிகிறது.

"பட்டியல் கரப்ட் ஆயிருக்கு சார். நாளைக்குத்தான் பாக்க முடியும்."

சிரித்தார். "பாருங்கம்மா. அவசரமே இல்ல."

அவர் போனதும் பட்டியலை அழித்தேன். பழைய மூன்று விதிகளையும் மோடம்களுக்கு அனுப்பினேன். பாஸ்வேர்ட் இரண்டு தடவை தப்பாகிவிட்டது.

ஜூன் 17, செவ்வாய்
மண்டல் சார் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். திட்டுவார் என்று நினைத்தேன். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். "டிலீட் கர் தியா? கோயி பாத் நஹி. காப்பி தோ சுக்ரவார் கோ ஹி தே தியா."

அழித்தாலும் பரவாயில்லையாம், வெள்ளிக்கிழமையே பட்டியலின் நகலைக் கொடுத்துவிட்டாராம். அப்படியானால் வீடு அவர்களுக்கு முன்பே தெரியும். நான் என்ன சொல்வேன் என்று பார்க்கத்தான் கேட்டிருக்கிறார்கள்.

அரை நாள் லீவு. நேராக சாந்தி வீடு. புல் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீங்க எழுதுனதா அக்கா?"

"ஆமா."

அரிவாளைக் கீழே வைத்தாள். "எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாந்தானே."

"படத்தை எடுத்துடு சாந்தி."

"எடுத்தா குச்சிய புடுங்கிருவாங்களா?"

நான் கிளம்பும்போது, "நா இல்லாட்டி மாட்ட ஒரு கண்ணு பாத்துக்கங்க" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

ஜூன் 18, புதன்
காலை எட்டு மணி, ஜீப். சாந்தியை ஏற்றிப்போய்விட்டார்கள். ஒரு கையெழுத்துப் போட வரச் சொன்னார்கள் என்று பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் சொன்னாள். "போலா, ஆதே கண்டே மே சோட் தேங்கே." அரை மணியில் விட்டுவிடுவார்களாம்.

லீவு சொல்லிவிட்டேன். மண்டல் சார் காரணம் கேட்கவில்லை.

மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினேன். கறக்கத் தெரியாது. மத்தியானம் முழுக்கக் கத்தின.

ஐந்தரைக்கு சாந்தி வந்தாள், ஆட்டோவில். போனை வைத்துக்கொண்டார்களாம். அடிக்கவில்லை, டீ கொடுத்தார்களாம். என் முகத்தைப் பார்க்காமல் செம்பை எடுத்துக்கொண்டு மாட்டடியில் உட்கார்ந்தாள். இரண்டு மாட்டையும் கறந்து முடிக்கும்வரை நின்றேன்.

எழுந்து பாவாடையை உதறிக்கொண்டு சொன்னாள்: "என்னய பத்தி பத்து நிமிசந்தான் அக்கா கேட்டாங்க. மிச்ச நேரமெல்லாம் ஒங்கள பத்திதான்."