கழுவிக்கொண்டு போன பாதங்கள்

19.4.1984, பெரிய வியாழன், இரவு.

ஆண்டவர் தம் சீடரின் பாதம் கழுவியதன் நினைவாக இன்று பூசையில் பாதம் கழுவப்பட்ட பன்னிருவருள் நானும் ஒருவன். குதிகால் வெடிப்பும் அழுக்கும் சபையார் கண்ணில் படலாகாதென்று மாலையே வீட்டில் சோப்பிட்டுத் தேய்த்தேன்.

"சாமியார் கழுவறதுக்கு எதுனா மிச்சம் வையுங்க," என்றாள் மனைவி.

கோவிலில் குருவானவர் என் பாதத்தில் வார்த்த நீர் கலங்காமல் தட்டில் விழுந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த சூசை, "அண்ணா, உங்க தண்ணியக் குடிக்கலாமாட்ட இருக்குதுங்க," என்று கிசுகிசுத்தான். அதைப் புகழ்ச்சியென்றே கொண்டு மகிழ்ந்தேன்.

அழுக்கைத் தொடவென்றே மண்டியிட்ட ஆண்டவரிடம் அழுக்கை ஒளித்துவிட்டு, தாழ்மையுள்ளவனைப் போல் தலைகுனிந்திருந்தேன். இப்போது வெட்கமாயிருக்கிறது. இந்த வெட்கத்தையும் எவரேனும் கண்டு மெச்சவேண்டுமென்று உள்ளே ஒருவன் காத்திருக்கிறான். அவனை விலக்கச் செபிக்கலாமென்று முழந்தாளிட்டால், எனக்கு முன்பே அவன் முழந்தாளிட்டுவிடுகிறான்.