பத்து நிமிஷம் நின்ற கம்பி

அக்கா,

இன்று காலை மகள் கம்ப்யூட்டர் முன்னால் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூட வேலை பார்த்த ஒருவர் போன மாதம் தவறிவிட்டாராம். ஆபீசே ஓர் அஞ்சலிக் கூட்டம் ஏற்பாடு செய்து, அவரவர் வீட்டிலிருந்தபடியே எட்டுப் பேர் திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தார்கள். நடத்துகிற பெண், "அவரைப் பத்தி ஒண்ணே ஒண்ணு யாராவது சொல்லுங்களேன்" என்றாள். காபி கொடுக்கப் போன நான் தம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். என்னமோ இவர்கள்தான் புதுசாகக் கண்டுபிடித்த மாதிரி! பொன்னேரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்துகொண்டு எழுபதுகளின் கடைசியிலேயே நீங்கள் இதைச் செய்துவிட்டீர்கள் என்று யாரிடம் போய்ச் சொல்வது? அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

எங்கள் பழவேற்காடு எக்ஸ்சேஞ்ச் என்பது ஓர் அறை, ஒரு போர்டு, ஒரு நாற்காலி, நான். மரைக்காயர் வீடுகள், எறா வியாபாரிகள், போலீஸ் ஸ்டேஷன் என்று ஊரில் இருந்ததே கொஞ்சம் டெலிபோன்கள். எது வெளியூர் போனாலும் உங்கள் கை வழியாகத்தான் போக வேண்டும். பொன்னேரியிலிருந்து எங்களுக்கு ஒரே கம்பி, நடுவில் மெதூர், திருப்பாலைவனம் எக்ஸ்சேஞ்சுகளும் அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தன. நம்மில் யாரும் யாரையும் பார்த்ததில்லை. பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமும் கிடையாது, ஊர்தான் பேர். காலையில் கம்பி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, "இன்னா பழவேற்காடு, காது கேக்குதா?" என்பீர்கள். "கேக்குது பொன்னேரி" என்பேன். அவ்வளவுதான் நம் பழக்கம்.

அவர் போன அன்றும் நான் போர்டில்தான் இருந்தேன். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து பொன்னேரிக்கு அவசரக் கால் கேட்டார்கள். போட்டுக் கொடுத்தேன். வேறு யாருடைய கால் என்றாலும் காதை எடுத்திருப்பேன். அவசரம் என்றதும், கம்பி அறுந்துவிடக்கூடாதே என்று கேட்டுக்கொண்டிருந்தேன். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்த செய்தியையும், அதில் உயிர் போனவரின் பேரையும், அது என் வீட்டுக்காரர் பேர் என்பதையும் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். என் கையால் போட்ட கால், அக்கா. அந்தப் பக்கம் வாங்கியது நீங்கள்.

பதினாறாம் நாள் முடிந்து வேலைக்கு வந்ததுமே மேசை டிராயரில் ஒரு தாள் எழுதி வைத்தேன். வேலையை விடுகிறேன் என்று இரண்டே வரி. மகளுக்கு அப்போது ஆறு மாதம். அம்மா, "வேலையும் வாணாம் ஒண்ணும் வாணாம், எங்கூட மீன் கூடை தூக்க வந்துடு" என்றாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. போர்டில் மணி அடித்தால் எடுக்கத் தயங்கினேன். மறுபடி எவருடைய சாவை இந்தக் கையால் போட்டுக் கொடுக்கப் போகிறேனோ என்ற பயம்.

முதல் நாள் காலை, "காது கேக்குதா?" என்றீர்கள். வழக்கம்போல 'கேக்குது' என்று நான் சொல்லவில்லை, நீங்களும் கம்பியை விடவில்லை. பிறகு கேட்டீர்கள்: "உங்க ஊட்டுக்காரரைப் பத்தி ஒண்ணு சொல்லு, கேப்போம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. குப்பத்தில் அவர் பேரை எடுத்தால் நான் உடைந்துபோவேன் என்று எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு திரிந்த சமயம். முகம் தெரியாத ஒருத்தி இப்படிக் கேட்கிறாளே! அந்தக் கோபத்தில்தான் அதைச் சொன்னேன்: "எங்க குப்பத்துல சாவு உழுந்தா அன்னிக்கி ஒரு போட்டுகூட தண்ணியில எறங்காதுக்கா. அத்தினி பேரும் கரையில உக்காந்திருப்பாங்க. இங்க பாரு, மணி அடிச்சிக்கினே கீது. அவரு செத்ததுக்கு இந்தக் கம்பி ஒரு நிமிஷம் நின்னுச்சா?" மறுநாள் காலை அதே நேரத்துக்குக் கம்பியில் வந்து அதே கேள்வியைக் கேட்டீர்கள்.

ஒரு நாளைக்கு ஒன்று, அதற்கு மேல் கேட்க மாட்டீர்கள். மீன்பிடிக்கிற மனிதர், நண்டை மட்டும் தொட மாட்டார், உடைத்துத் தின்னப் பொறுமை கிடையாது என்று ஒரு நாள். ஈர லுங்கியோடு எக்ஸ்சேஞ்ச் ஜன்னலில் வந்து நின்று, "மேடம், ஒரு ட்ரங்க் கால் போடணும், எம் பொண்டாட்டிக்கு" என்று மானத்தை வாங்குவார் என்று ஒரு நாள். சொல்லும்போதே அழுவேன், சிரிப்பேன். முடிந்ததும் "சரி பழவேற்காடு, வேலையைப் பாரு" என்று போய்விடுவீர்கள். அந்த நேரத்தில் மட்டும் வெளியூர் மணி அடிப்பதில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை.

அவர் என்னைப் பெண் பார்க்க வந்த கதையை ஒரு நாள் ஆரம்பித்தேன். தட்டு, பூ, பழம், பட்டுப்புடவை கட்டிய அத்தைமாரோடு படகு ஏரியின் நடுவில் சேற்றில் தட்டி நின்றுவிட்டது. நான் அதுவரை சொன்னபோது என் குழந்தையை யாரோ பால் குடிக்க எக்ஸ்சேஞ்சுக்குத் தூக்கி வந்தார்கள், கதை நின்றுபோனது. மறுநாள் எனக்கு மனசே இல்லை. "இனிமே சொல்றதுக்கு ஒண்ணுமில்லக்கா. வேலைய உடப்போறேன். லெட்டர் எழுதிட்டேன்" என்றேன்.

கம்பியில் ஒரு கரகரப்பு. நீங்கள் இல்லை, வேறொரு குரல்.

"யக்கா, நான் திருப்பாலைவனம். அந்த போட்டு சேத்துல நின்னுச்சே, அப்புறம் பொண்ணு பாத்தாங்களா இல்லியா? ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லக்கா!"

"எறங்கித் தள்ளியிருப்பாரு, வேறென்ன" என்றது இன்னொரு குரல். அது மெதூர்.

இத்தனை நாளும் கேட்டுக்கொண்டா இருந்தார்கள்? வெட்கத்தில் உடம்பு கூசியது. அப்போதுதான் நீங்கள் பேசினீர்கள்.

"கோச்சுக்காத. நீ சொன்னியே, உங்க குப்பத்துல அன்னிக்கி போட்டு எறங்காதுனு. நாங்க மூணு பேரும் பேசி வச்சுக்கினோம். உயிர் போற அவசரம்னாத்தான் கால் எடுக்கிறது, இல்லன்னா தெனம் இந்தப் பத்து நிமிஷம் கம்பியில எதுவும் ஓடாது. நாள் முழுக்க நிறுத்த நம்மால ஆகாதும்மா."

அக்கா, நான் கடலைப் பார்த்து வளர்ந்தவள். ஆனால் அன்று அந்தச் சின்ன அறையில் நான் பார்த்ததைப் போலப் பெரிசாக எதையும் பார்த்ததில்லை. பொன்னேரியிலிருந்து ஏரிக்கரை வரைக்கும், வயலுக்கும் உப்பு மண்ணுக்கும் மேலே அத்தனை கம்பமும் அவருக்காகச் சும்மா நின்றுகொண்டிருந்தன. நீங்கள் யாரும் எங்கள் சாதிசனம் இல்லை. அவர் முகத்தைப் பார்த்ததில்லை. திருப்பாலைவனத்தின் கேள்விக்கு வந்தேன். "தள்ளுனாருதான். தொடை வரைக்கும் சேறு, அப்படியே வந்து பாயில உக்காந்தாரு" என்றேன். மூன்று ஊரும் ஒன்றாகச் சிரித்தது காதில் கேட்டது. டிராயரில் இருந்த தாளை அதற்கப்புறம் நான் தேடவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து நீங்கள் தவறிவிட்டீர்கள் என்று மெதூர்தான் சொன்னாள். மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் பொன்னேரிக்கு வந்தேன். உங்களை அன்றுதான் பார்த்தேன். உங்கள் பேரும் அன்றுதான் தெரிந்தது. குரலை வைத்து நல்ல உயரமாக நினைத்திருந்தேன், நீங்களோ சின்ன உருவம். திருப்பாலைவனமும் மெதூரும் பக்கத்திலேயே நின்றிருந்தும், வாயைத் திறந்து பேசிய பிறகுதான் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டோம். திருப்பாலைவனம் என் மகளின் மோவாயைப் பிடித்து, "சேத்துல எறங்கி போட்டு தள்ளுனவரு பொண்ணா நீ?" என்று கேட்டாள். "எங்க நைனாவை உங்களுக்குத் தெரியுமா?" என்று இவள் திகைத்துப்போனாள். அவர்கள் இருவரும் அவளை நடுவில் உட்கார வைத்து, நான் மறந்துபோனதையெல்லாம் சொன்னார்கள்.

உங்கள் மகள் என்னிடம் வந்தாள். "அம்மா உங்களைப் பத்தி நிறைய சொல்வாங்க. நீங்க அம்மாவைப் பத்தி ஏதாவது சொல்லுங்களேன்" என்றாள். வாயைத் திறந்தேன், சொல்ல ஒன்றும் இல்லை. உங்களுக்கு என்ன பிடிக்கும், வீட்டில் யார் யார், என்ன கவலை, எதுவும் தெரியாது. அத்தனை காலையும் நானே பேசியிருக்கிறேன். உங்களை ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி, நான் கேட்டதில்லை. அந்த வெட்கத்தை இன்னும் சுமந்துகொண்டுதான் இருக்கிறேன்.

தெரிந்த ஒன்றை மட்டும் சொன்னேன். "நான் எத்தினியோ நாள் அழுதிருக்கேம்மா. ஒரு தடவகூட என்னை அழாதேனு அவங்க சொன்னதில்ல."

அதுவரை அழாமல், வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த உங்கள் மகள், என் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். நானும் அழாதே என்று சொல்லவில்லை, அக்கா. அவள் அழுது முடிக்கிறவரை அப்படியே நின்றேன்.