டார்ட் நிற்கும் குழி

நவம்பர் 11, செவ்வாய்

விடாத தூறல். ஷெட் கூரையில் மூன்று இடத்தில் ஒழுக்கு. என் பழைய டார்ட் கார் மேல் தார்ப்பாய் போட்டேன். நான் நனைந்தேன், அது நனையவில்லை. ஜெஸி பார்த்தால் அதற்கும் ஒரு பேச்சு இருக்கும். கட்டிய மனைவிக்கு இப்படி ஒரு நாள் குடை பிடித்ததுண்டா என்று.

ஞாயிறு சென்னையில் பழைய கார் கண்காட்சி. பாக்கி வேலை: கியர்பாக்ஸ் ஆயில் ஒழுக்கு, பின் பிரேக், முன் பம்பர் துரு. சீட் முடிந்தது. கறுப்புத் தோல், நான் வேலை பார்க்கும் ஷூ ஃபேக்டரி கட்டிங் செக்‌ஷனில் நானே தடவிப் பார்த்து எடுத்தது. அமெரிக்காக்காரன் ரெக்சின் போட்டு அனுப்பிய வண்டி, ஆம்பூருக்கு வந்துதான் தோலைப் பார்த்தது.

எங்கள் வீட்டை ஒட்டிய இந்த ஷெட் முன்பு தோல் பதனிடும் டேனரி; அதன் முதலாளி ஓட்டிய வண்டி இது. டேனரி மூடியதும் கோழி அடையும் கூண்டாகக் கிடந்தது. வண்டியை வாங்கி, ஷெட்டையும் வாடகைக்குப் பிடித்தேன். தோல் ஊறிய சுண்ணாம்புக் குழிகளைக் கல் போட்டு மூடினேன், ஒன்றைத் தவிர. அதன் மேல்தான் டார்ட் நிற்கிறது. அடியில் இறங்கி வேலை பார்க்க ஆள் உயரக் குழி. கட்டிய குழி இருக்கும்போது எவனாவது புதிதாகத் தோண்டுவானா?

பம்பரை ஆசிட்டில் ஊறவைத்துத் துரு எடுத்தேன். மிச்ச ஆசிட்டைக் குழிக்குள்ளேயே, மூலையில் இருக்கும் தோல் ஊறிய பழைய சேற்றில் கொட்டினேன். வெளியே கொட்டினால் ஜெஸியின் செடிகள் கருகும், வம்பு. நுரைத்தது. அழுகின முட்டை வாடை. இந்த ஊரில் பிறந்தவன் வாடைக்கு மூக்கைப் பிடிப்பானா.

நவம்பர் 12, புதன்

மழை. மெக்கானிக் பஷீர் பாய் வந்தார். தமிழ்நாட்டில் இந்த எஞ்சினைத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பது அவர் கட்சி. முதலில் ஸ்டார்ட் செய்து பார்த்தோம். எட்டு சிலிண்டரும் சேர்ந்து உறுமும்போது நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது, இந்த வயதில்.

ஆஃப் செய்துவிட்டு பாய் குழியில் இறங்கினார். ஏறி வரும்போது கண் இரண்டும் சிவப்பு.

"இன்னா சார், உங்க குழி நம்ம மோதிரத்தையே மாத்திடுச்சு."

வெள்ளி மோதிரம். காலையில் பளபளத்தது, இப்போது அடுப்புக் கரி.

"வாட ஜாஸ்தியா இருக்கா பாய்?"

"வாடையா? ஆம்பூர்ல வாட இல்லன்னாதான் பேஜார். தோல் ஷாப்புக்கெல்லாம் லீவு வுட்டாங்கன்னு அர்த்தம்."

இருவரும் சிரித்தோம். அவர் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. இஞ்சி டீ வாங்கிக் கொடுத்தேன்.

மிச்ச ஆசிட் இன்னொரு பக்கெட் இருந்தது. அதையும் கொட்டினேன்.

நவம்பர் 13, வியாழன்

மழை இல்லை, மூட்டம். பானெட் மேல் படுக்கும் பூனை ஷெட் வாசலோடு திரும்பிப் போகிறது. மீன் துண்டு காட்டியும் வரவில்லை.

பிரேக்குக்குப் போட்ட புது காப்பர் பைப் கறுத்துவிட்டது. துடைத்தால் போகவில்லை. குழிக்குள் பெருச்சாளி ஒன்று செத்துக் கிடந்தது. யார் விஷம் வைத்தார்கள்? கம்பியால் எடுத்தேன். குனிந்தபோது முதலில் வாடை குப்பென்று அடித்தது. பிறகு சுத்தமாக இல்லை. தானாக அடங்கிவிட்டது, ஒரு தொல்லை விட்டது.

சாயங்காலம் வரை தலைவலி. ஃபேக்டரியில் ஒரு லாட் தோலைத் தவறாகப் பாஸ் செய்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

மறுபடி மழை. ஜெஸிக்கு லீவு. வேலூரில் அவசரப் பிரிவு நர்ஸ், வீட்டில் ஆஸ்பத்திரிக் கதை பேசவே மாட்டாள். சாப்பிடும்போது பாயின் மோதிரம் கறுத்ததையும் பெருச்சாளி செத்ததையும் தமாஷாகச் சொன்னேன். ஜெஸியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"பெருச்சாளி எங்க கெடந்துச்சு?"

"குழில."

"வாட இருக்கா இப்ப?"

"அதான் போய்டுச்சே."

"போவலங்க. அது விஷக் காத்து, உங்க மூக்குதான் செத்துப்போச்சு. ஜாஸ்தியானா வாட தெரியாது. அந்தக் குழில இன்னா ஊத்துனீங்க?"

சொன்னேன். தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு மெதுவாக:

"டேனரி தொட்டி கழுவப் போனவங்கள எங்ககிட்ட கொண்டாருவாங்க. ஒருத்தரா வரவே மாட்டாங்க. மொத ஆளு தெரியாம எறங்குவான். ரெண்டாவது ஆளு அவனத் தூக்க எறங்குவான். ரெண்டு ஸ்ட்ரெச்சர்."

பைபிள் மேல் என் கையை வைக்கச் சொன்னாள். குழியில் இறங்க மாட்டேன் என்றேன். பாயையும் இறக்கக் கூடாது என்றாள். இன்றே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

ராத்திரி எட்டு மணிக்குப் பாயே போன் செய்தார். "நாளைக்கு கியர்பாக்ஸ எறக்கிடலாம் சார். ஞாயித்துக்கெழம நம்ம வண்டிய எவன் அடிச்சுக்குவான் பாக்கலாம்."

வாய் வரை வந்தது. சொன்னால் வண்டியை அவர் கடைக்கு இழுக்க வேண்டும், ஞாயிறு போச்சு. பெரிய ஃபேன் வைத்து ஊதினால் அந்தக் காற்று வெளியே போய்விடாதா? காலையில் நேரில் சொல்லிக்கொள்ளலாம். மனிதர் பத்து மணிக்கு முன்னால் வந்ததே கிடையாது.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வண்டி போக வேண்டும்.

நவம்பர் 15, சனி

மழை விட்டு நல்ல வெயில். ஃபேனைப் பரண் மேலிருந்து இறக்கினேன். ஒரே தூசி, துடைக்க வேண்டும். ஜெஸி முதல் பஸ்ஸில் டியூட்டிக்குப் போனாள். செருப்பு மாட்டும்போது, "பாய்கிட்ட சொல்லிட்டீங்க இல்ல?" தலையாட்டினேன்.

டீயோடு இதை எழுத உட்கார்ந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால் ஷெட் வாசலில் பாயின் ஸ்கூட்டர். எப்போது வந்தார்? ஷெட் சாவி ஒன்று அவரிடம் இருப்பதை மறந்தே போனேன். கதவு திறந்திருக்கிறது. சுத்தியல் சத்தம் இல்லை.

கூப்பிட்டேன். பதில் இல்லை.

போன் போட்டேன். ஷெட்டுக்குள் ரிங் கேட்கிறது. எடுக்கவில்லை. மறுபடி போட்டேன்.

ஜெஸிக்குப் போட்டேன். பஸ் சத்தத்தில் கேட்கவில்லை போல.

குழிக்குள்தான் இருப்பார். இறங்கிக் கை கொடுத்தால் ஏறி வந்துவிடுவார்.